மக்காச்சோளத்துக்குப் பதில் அரிசி: ஆசியத் தீவனத்தில் எது நிலைக்கும், எது வந்து போகும்?

கலவைக்கணக்கு எழுதியது:

மக்காச்சோளம் தட்டுப்படும்போதெல்லாம் தீவன ஆலைகள் அரிசிப் பக்கம் திரும்புகின்றன. 2021ல் சீனாவில் மக்காச்சோள விலை உச்சத்துக்குப் போனபோது, அரசுக் கிடங்குகளில் கிடந்த பழைய அரிசியைத் தீவன ஆலைகளுக்கு ஏலம் விட்டார்கள். அதோடு இந்தியக் குருணையும் கப்பல் கப்பலாகப் போனது. 2021–22ல் சீனா இந்தியாவிடம் வாங்கிய அரிசியில் 15 லட்சம் டன்னுக்கு மேல் வெறும் குருணைதான். வியட்நாமும் வாங்கியது. 2022 செப்டம்பரில் இந்தியா குருணை ஏற்றுமதிக்குத் தடை போட்டது. உள்நாட்டுக் கோழித்தீவனத்துக்கும் எத்தனாலுக்கும் குருணை கிடைக்கவில்லை என்பது அப்போது சொல்லப்பட்ட முக்கியக் காரணம். 2025 மார்ச்சில் தடை நீங்கியது.

இதற்கிடையில் மக்காச்சோளமே எத்தனாலுக்குப் போக ஆரம்பித்து, ஏற்றுமதி செய்துகொண்டிருந்த இந்தியா 2024ல் மியான்மரிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் இறக்குமதி செய்யும் நிலைக்கு வந்தது.

என் கணிப்பு இது: அரிசி மணி தீவனத்துக்குள் வரும், போகும். தவிடு, எண்ணெய் எடுத்த தவிடு, எத்தனால் ஆலைக் கழிவு ஆகிய மூன்றும் நிலையாக இருக்கும். ஆனால் பலர் அரிசியை 'வெள்ளை மக்காச்சோளம்' என்று நினைத்து அப்படியே மாற்றிப் போடுகிறார்கள். கோழிக்கு ஒரு கணக்கு, மாட்டுக்கு வேறு கணக்கு. விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

ஆலைவாசல் எழுதியது:

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். 100 கிலோ நெல் அரைத்தால் உமி 20 கிலோ, தவிடு 8 முதல் 10 கிலோ, மீதி அரிசி. அந்த அரிசியில் உடைந்ததுதான் குருணை, அதிலும் பொடியானது நொய். தீவனத்துக்கு வருவது மூன்று தரம்.

ஒன்று, சலிப்பில் பிரிந்த சுத்தமான குருணை. இதுதான் நம்பி வாங்கக்கூடியது. இரண்டு, சார்டெக்ஸ் இயந்திரம் நிறம் பார்த்துத் தள்ளிய கழிவு. கருப்பு மணி, மஞ்சள் மணி, பூஞ்சணம் பிடித்தது எல்லாம் இதில்தான் சேர்கிறது. விலை குறைவாக இருப்பதே அதனால்தான். மூன்று, கருக்காவும் கல்லும் கலந்த தூற்றல் கழிவு. இதைத் தீவனம் என்று சொல்வதே தவறு.

வாங்கும்போது ஈரப்பதம் 13 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 14ஐத் தாண்டினால் மூட்டை அடுக்கின் நடுவில் சூடேறும். கையை மூட்டைக்குள் முழங்கை வரை விட்டுப் பாருங்கள். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தால் இறக்க வேண்டாம்.

இன்னொன்று: இந்திய அரசுக் கொள்முதலில் பச்சரிசியில் 25 சதவீதம் வரை, புழுங்கலில் 16 சதவீதம் வரை குருணை இருக்கலாம் என்பது நீண்டகால அளவு. அந்த அளவைக் குறைத்தால் ஆலை வாசலில் நிற்கும் குருணை அதிகமாகும். தீவனச் சந்தையில் குருணை வரத்தைத் தீர்மானிப்பது அறுவடை மட்டுமல்ல, இந்த விதியும்தான்.

முட்டைக்கூடு எழுதியது:

முட்டைக்கோழித் தீவனத்தில் மக்காச்சோளம் 50 சதவீதம். பாதியைக் குருணையாக மாற்றினால் என்னென்ன சேர்க்க வேண்டும்? எல்லாரும் "மஞ்சள் கரு வெளுக்கும்" என்று மட்டும் சொல்கிறார்கள். எவ்வளவு சேர்ப்பது என்று யாரும் சொல்வதில்லை.

கலவைக்கணக்கு எழுதியது:

ஒரு டன் தீவனத்துக்குக் கணக்குப் போடுவோம். 500 கிலோ மக்காச்சோளத்தில் 250ஐ எடுத்துவிட்டு 250 கிலோ குருணை.

எரிசக்தி: இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று, கிலோவுக்கு 3,300 கிலோகலோரியை ஒட்டி. புரதம்: மக்காச்சோளம் 9 சதவீதம், குருணை 8. வித்தியாசம் டன்னுக்கு 2.5 கிலோ புரதம். 5 முதல் 6 கிலோ சோயாப் புண்ணாக்கு கூட்டினால் சரியாகிவிடும்.

பலர் கோட்டைவிடுவது லினோலியிக் அமிலம் என்ற அவசியக் கொழுப்பில்தான். மக்காச்சோளத்தில் அது ஏறக்குறைய 2 சதவீதம். குருணையில் கொழுப்பே 1 சதவீதம்தான், அதில் லினோலியிக் 0.3 இருந்தால் அதிகம். 250 கிலோவுக்கு 5 கிலோ போய், முக்கால் கிலோ வருகிறது. 4 கிலோவுக்கு மேல் இழப்பு. கோழிக்குத் தீவனத்தில் 1 சதவீதமாவது லினோலியிக் வேண்டும். அது குறைந்தால் முதலில் முட்டை எடை இறங்கும், முட்டை எண்ணிக்கை இறங்காது. அதனால் காரணம் பிடிபட நாளாகும். சோயா எண்ணெயில் பாதி லினோலியிக். ஆகவே டன்னுக்கு 8 கிலோ சோயா எண்ணெய் சேர்க்க வேண்டும். பாமாயில் ஊற்றினால் எரிசக்தி கிடைக்கும், லினோலியிக் அதில் பத்து சதவீதம்தான், ஈடாகாது. எண்ணெய் சேர்ந்ததால் எரிசக்தி கொஞ்சம் கூடும். அந்த அளவுக்குக் குருணையைக் குறைத்துத் தவிடு போடலாம்.

நிறம்: மஞ்சள் மக்காச்சோளத்தில் கிலோவுக்கு 20 மில்லிகிராமை ஒட்டிச் சாந்தோஃபில் என்ற மஞ்சள் நிறமி இருக்கும். 250 கிலோவுக்கு 5 கிராம் இழப்பு. 2 சதவீதச் செறிவுள்ள சாமந்திச் சாறு என்றால் 250 கிராம். பழைய மக்காச்சோளத்தில் நிறம் ஏற்கெனவே பாதி போயிருக்கும், அதையும் கணக்கில் வையுங்கள்.

மாற்றத்தை ஒரே நாளில் செய்யாமல் 10 நாளில் மூன்று படியாகச் செய்யுங்கள். கோழி குருணையைப் பொறுக்கி எடுத்துவிட்டுப் பொடியை விட்டுவிடும். பொடி தங்கினால் தாதுக்கலவையும் வைட்டமினும் தொட்டியிலேயே தங்குகிறது என்று அர்த்தம்.

முட்டைக்கூடு எழுதியது:

நன்றி சார், இதுதான் வேண்டும். உமியோடு முழு நெல்லாகவே போட்டால்?

கலவைக்கணக்கு எழுதியது:

நெல்லில் ஐந்தில் ஒரு பங்கு உமி. உமியில் ஒன்றுமில்லை, எரித்தால் சாம்பல் 20 சதவீதம், அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. எரிசக்தி கிலோவுக்கு 2,600 அளவுக்கு இறங்கிவிடும். முட்டைக்கோழிக்கு 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம், இறைச்சிக் கோழிக்கு அதுவும் வேண்டாம். சுத்தி ஆலையில் சல்லடையும் சுத்தியலும் சீக்கிரம் தேயும், அந்தச் செலவையும் சேர்த்துப் பாருங்கள். ஒரே நன்மை, கொஞ்சம் கடினமான நார் இருப்பதால் இரைப்பை நன்றாக வேலை செய்யும். வெறும் குருணைத் தீவனத்தில் இரைப்பை சுருங்கிப் போகும். அதற்கு 2 சதவீதம் உமித்தூள் போதும்.

புதியபட்டி எழுதியது:

கறவை மாட்டுக்குக் குருணை வேக வைத்துக் கொடுப்பது நல்லது, செரிமானம் எளிது என்கிறார்களே? கோழிக்குச் சொன்ன இதே கணக்கு மாட்டுக்கும் பொருந்துமா?

அசையூண் எழுதியது:

பொருந்தாது. இந்த இழையில் மிக முக்கியமான கேள்வி இதுதான், அதனால் விரிவாக எழுதுகிறேன்.

கோழிக்குச் "செரிமானம் எளிது" என்பது வரம். மாட்டுக்கு அதுவே ஆபத்து. மாட்டின் முதல் வயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் தீவனத்தை மெதுவாகப் புளிக்க வைக்கின்றன. மாவுச்சத்து திடீரென்று நிறைய வந்தால் லாக்டிக் அமிலம் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் சில மணி நேரத்தில் பெருகிவிடும். அந்த அமிலத்தைத் தின்னும் நுண்ணுயிர்கள் பெருக இரண்டு மூன்று வாரம் ஆகும். இதுதான் அமிலநோய். இந்த இடைவெளியில்தான் மாடு செத்துப் போகிறது.

வேக வைத்த அரிசியில் மாவுச்சத்து ஊறி உடைந்துவிடுகிறது. நுண்ணுயிருக்கு அதை அடைய எந்தத் தடையும் இல்லை. பச்சைக் குருணையைவிட வேகமாகப் புளிக்கும். ஒரு கிலோ அரிசி இரண்டரை முதல் மூன்று கிலோ சோறாகும். பத்துக் கிலோ சோறு உள்ள வாளியை மாடு பத்து நிமிடத்தில் காலி செய்யும். அது மூன்றரைக் கிலோ அரிசி. கல்யாணம், கோயில் விருந்து முடிந்து மிஞ்சிய சோற்றை மாட்டுக்குக் கொட்டும் மறுநாள்தான் இத்தகைய மாடுகள் கால்நடை மருத்துவரான என்னிடம் அதிகம் வருகின்றன.

அறிகுறிகள், 12 முதல் 24 மணி நேரத்தில்: தீனி எடுக்காது, அசை போடாது. இடப்பக்க விலாவை முட்டினால் தண்ணீர்ப் பானை போலத் தளும்பும். சாணம் இளகிப் புளித்த வாடையோடு போகும், சோற்றுப் பருக்கை தெரியும். கண் குழிவிழும், தள்ளாடும், படுத்துவிடும். முதல் வயிற்று நீரின் பி.எச். சாதாரணமாக 6க்கு மேல் இருக்க வேண்டியது, 5க்குக் கீழே போயிருக்கும். வெறும் வாயு உப்புசத்தில் விலா பறை போல ஒலிக்கும், இதில் தளும்பும். இரண்டையும் குழப்பிக்கொண்டு எண்ணெய் ஊற்றுவது பெரிய தவறு.

செய்ய வேண்டியது: மீதிச் சோற்றை உடனே அகற்றுங்கள். நல்ல வைக்கோல் மட்டும் வையுங்கள். நிறையத் தின்றுவிட்ட மாட்டுக்கு முதல் 18 மணி நேரம் தண்ணீரை வேண்டிய மட்டும் குடிக்க விடாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். நின்று, விழுங்கும் நிலையில் உள்ள மாட்டுக்குச் சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து வாய்வழி கொடுக்கலாம். அளவு உடல் எடைக் கிலோவுக்கு 1 கிராம் என்பது வழக்கம், ஆனால் மருத்துவரிடம் தொலைபேசியிலாவது கேட்டபின். படுத்துவிட்ட மாட்டுக்கு வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போகும். அதற்கு நரம்பு வழி மருந்துதான். நிறையத் தின்றிருந்தால் வயிற்றைத் திறந்து சோற்றை அள்ளி எடுப்பதுதான் உயிர் காக்கும், அதைத் தள்ளிப் போடக் கூடாது.

பிழைத்த மாட்டையும் விட்டுவிடாதீர்கள். மூன்று நாள் நன்றாக இருந்து நான்காம் நாள் மறுபடி சாயும். அமிலம் அரித்த வயிற்றுச் சுவரில் பூஞ்சை ஏறுவதுதான் காரணம். குளம்பு வீக்கம், ஈரலில் சீழ்க்கட்டி வாரக்கணக்கில் கழித்து வரும்.

புதியபட்டி எழுதியது:

ஆனால் டாக்டர், பல வீடுகளில் தினமும் கஞ்சியும் சோறும் கொடுக்கிறார்கள். அந்த மாடுகளுக்கு ஒன்றும் ஆவதில்லையே?

அசையூண் எழுதியது:

தினமும் ஒரே அளவு, குறைந்த அளவு கொடுத்தால் நுண்ணுயிர்கள் பழகிக்கொள்ளும். வடிகஞ்சி ஒரு வாளி என்பது பெரும்பாலும் தண்ணீர். ஆபத்து அளவு மாறும் நாளில். ஒன்றும் ஆகவில்லை என்று தெரிகிற மாட்டிலும் பாலின் கொழுப்புச் சத்தைப் பாருங்கள். காரணம் இல்லாமல் அரைப் புள்ளி இறங்கியிருந்தால், சாணம் ஒருநாள் கட்டி ஒருநாள் இளக்கம் என்று மாறினால், வெளியே தெரியாத அமிலநோய் இருக்கிறது.

கலவைக்கணக்கு எழுதியது:

டாக்டர் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் இதைப் படித்துவிட்டுக் குருணையே மாட்டுக்கு ஆகாது என்று யாரும் முடிவுக்கு வந்துவிடக் கூடாது. கலப்புத் தீவனத்துக்குள், உடைத்து, அளவோடு இருந்தால் தாராளமாகப் போடலாம். 100 கிலோவுக்கு ஒரு கலவை:

குருணை 20, மக்காச்சோளம் 15, எண்ணெய் எடுத்த தவிடு 25, கடலைப் புண்ணாக்கு 20, பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு 10, கோதுமைத் தவிடு 7, தாது உப்பு 2, சாதா உப்பு 1.

புரதம் 18 முதல் 19 சதவீதம் வரும். நாளைக்கு 5 கிலோ கொடுத்தால் மாட்டுக்குப் போவது ஒரு கிலோ குருணை, அதுவும் இரண்டு வேளையாக. 400 கிலோ எடையுள்ள மாட்டுக்கு இது பாதுகாப்பான அளவு. புதிதாகத் தொடங்கினால் கால் கிலோவில் ஆரம்பித்து இரண்டு மூன்று வாரத்தில் ஏற்றுங்கள். முதலில் வைக்கோலோ தட்டையோ, பிறகுதான் அடர்தீவனம். வெறும் வயிற்றில் அடர்தீவனம் வைப்பதுதான் பாதிப் பிரச்சினைக்குக் காரணம். நிறையக் கறக்கும் மாட்டுக்கு நாளைக்கு 100 கிராம் சமையல் சோடா சேர்க்கலாம்.

குருணையை மாவாக அரைக்காதீர்கள். மூன்று நான்காக உடைந்தால் போதும்.

அசையூண் எழுதியது:

இந்த அளவில் எனக்கு மறுப்பு இல்லை. வேக வைக்காமல், கலவைக்குள், என்ற இரண்டு நிபந்தனையும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

குளத்துமீன் எழுதியது:

மாடு, கோழி மட்டும் பேசுகிறீர்கள். எண்ணெய் எடுத்த தவிட்டை அதிகம் தின்பது மீனும்தான். ஆந்திராவின் கொல்லேறு பகுதிக் கெண்டைக் குளங்களில் அடிப்படைத் தீவனமே இது. தவிட்டோடு கடலைப் புண்ணாக்கு கலந்து, அடியில் வரிசையாகத் துளையிட்ட பையில் நிரப்பிக் குளத்தில் நட்ட மூங்கிலில் கட்டித் தொங்கவிடுவார்கள். மீன் வந்து துளையைக் கொத்தித் தின்னும். தண்ணீரில் கரைந்து வீணாவது குறையும், எவ்வளவு தின்றது என்பதும் பையைத் தூக்கினால் தெரியும். இரண்டு மூன்று மணி நேரத்துக்குப் பிறகும் பையில் மிச்சம் இருந்தால் மறுநாள் குறைக்க வேண்டும். மிச்சத்தை அப்படியே விட்டால் தண்ணீரில் ஆக்சிஜன் போகும்.

2023 ஜூலையில் இந்தியா எண்ணெய் எடுத்த தவிட்டின் ஏற்றுமதிக்கும் தடை போட்டது. மாட்டுத்தீவன விலையைக் கருதிச் செய்தது அது. வியட்நாம்தான் முக்கியமாக வாங்கிக்கொண்டிருந்தது. நம் தவிட்டுக்கும் அந்த ஊர்க் கால்நடைக்கும் இருக்கும் தொடர்பு அப்போதுதான் பலருக்கும் தெரிந்தது.

ஆலைவாசல் எழுதியது:

எண்ணெய் எடுக்காத பச்சைத் தவிடு பற்றி ஒரு எச்சரிக்கை. அதில் 15 சதவீதத்துக்கு மேல் எண்ணெய் இருப்பதால் மாட்டுக்கு நல்ல சத்து. ஆனால் அரிசி தீட்டிய நிமிடமே தவிட்டிலுள்ள லைபேஸ் நொதி எண்ணெயை உடைக்க ஆரம்பித்துவிடும். வெயில் காலத்தில் ஒரு வாரத்திலேயே காறல் வாடை வந்துவிடும். காறிய தவிட்டை மாடு ஒதுக்கும், கோழிக்கு வைட்டமின் ஈ வீணாகும். புழுங்கல் தவிட்டில் நெல் வேகும்போதே நொதி செத்துவிடுவதால் இந்த வேகம் இல்லை. எண்ணெயும் கூடுதல். பச்சரிசித் தவிடு என்றால் ஆலையில் இறங்கிய அன்றே வாங்கி ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள், அல்லது ஆலையிலேயே 120 முதல் 130 டிகிரியில் நீராவி சூடு காட்டியதைக் கேளுங்கள்.

கலப்படம்: தவிட்டில் உமித்தூள். ஒரு பிடி தவிட்டைக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்கினால் உமி மேலே மிதக்கும். அரைத்த உமி என்றால் இது போதாது. ஆய்வுக்கூடத்தில் புளோரோகுளூசினால் என்ற கரைசலைத் தெளிப்பார்கள். உமி இருக்கும் இடம் சிவக்கும். அமிலத்தில் கரையாத சாம்பல் அளவும் கேளுங்கள், உமியும் மணலும் இரண்டும் அதில் தெரிந்துவிடும்.

முட்டைக்கூடு எழுதியது:

எத்தனால் ஆலையிலிருந்து வரும் அரிசி டிடிஜிஎஸ் (சாராயம் வடித்தபின் உலர்த்திய சக்கை) 45 சதவீதப் புரதம் என்கிறார்கள். அதைப் போட்டுச் சோயாவையே எடுத்துவிடலாமா?

கலவைக்கணக்கு எழுதியது:

முழுதாக எடுக்க முடியாது. அரிசியில் முக்கால் பங்கு மாவுச்சத்து. அது சாராயமாகிப் போனபின் மிஞ்சிய கால் பங்கில் புரதமெல்லாம் திரண்டு நிற்கும். அதனால்தான் மக்காச்சோள டிடிஜிஎஸ் 28 என்றால் இது 40க்கு மேல். ஆனால் சோயாப் புரதத்தில் இருக்கும் அளவுக்கு லைசின் என்ற அமினோ அமிலம் இதில் இல்லை. இருப்பதும் உலர்த்தும் சூட்டில் கருகிப் பாதி வீணாகும். நிறம் வெளிர் பழுப்பாக இருக்க வேண்டும். காப்பித்தூள் நிறம், கருகிய வாடை என்றால் புரத அளவைப் பார்த்து ஏமாறாதீர்கள். முட்டைக்கோழிக்கு 5 முதல் 8 சதவீதம், கூடவே செயற்கை லைசின். புரதம் 50ஐத் தாண்டி அறிக்கை வந்தால் யூரியாவுக்கும் சோதனை போடச் சொல்லுங்கள்.

அசையூண் எழுதியது:

இன்னொன்றும் சேர்ந்தே திரளுகிறது: பூஞ்சண நஞ்சு. எத்தனாலுக்குப் போகும் மணியில் கெட்டதும் உண்டு. மணியில் 10 பி.பி.பி. (நூறு கோடியில் பத்துப் பங்கு) அஃப்லாடாக்சின் என்ற அந்த நஞ்சு இருந்தால் கழிவில் 30ஐத் தாண்டும். காய்ச்சி வடித்தாலும் அது அழியாது. மாட்டுத்தீவனத்துக்கு இந்தியத் தர அளவு 20 பி.பி.பி. மாடு தின்னும் நஞ்சில் ஒரு பகுதி பாலில் அஃப்லாடாக்சின் எம்1 ஆக வரும். பாலுக்கு அனுமதி கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம்தான். ஆகவே ஒவ்வொரு லோடுக்கும் சோதனை. லாரியின் பத்து இடத்தில் எடுத்துக் கலந்த மாதிரியாக இருக்க வேண்டும், ஒரு மூட்டையில் எடுத்தது எதையும் சொல்லாது.

புதியபட்டி எழுதியது:

ரேஷன் அரிசி குறைந்த விலைக்குக் கிடைக்கிறது என்று சிலர் மாட்டுக்கு வாங்குகிறார்கள். அதில் சத்து மணி கலந்திருப்பதால் மாட்டுக்கு ஆகாது என்றும் ஒரு பேச்சு.

ஆலைவாசல் எழுதியது:

சத்து மணி நூறு அரிசிக்கு ஒன்று. இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்த அரிசி மாவில் செய்தது. மாட்டை அது ஒன்றும் செய்யாது. ஆனால் பொதுவிநியோக அரிசியைத் திருப்பி விற்பதும் வாங்குவதும் அத்தியாவசியப் பொருட்கள் சட்டம் 1955ன் கீழ் குற்றம். மனிதர் சாப்பிடக் கொடுத்த அரிசி அது. அதைப் பற்றி இங்கே கணக்குப் போட வேண்டாம்.

குளத்துமீன் எழுதியது:

அப்படியானால் அரசே கிடங்கு அரிசியை எத்தனாலுக்குக் கொடுப்பதையும் கேள்வி கேட்க வேண்டும். 2023 ஜூலையில் நிறுத்தினார்கள், பிறகு மறுபடி திறந்தார்கள். பசியோடு இருக்கும் நாட்டில் தின்னக்கூடிய அரிசி சாராயமாகி, அதன் சக்கை கோழிக்கு வருகிறது.

கலவைக்கணக்கு எழுதியது:

கேட்க வேண்டியதுதான். தீவனக்காரன் பக்கத்திலிருந்தும் எனக்கு அதில் உடன்பாடில்லை. அரசுக் கையிருப்பை நம்பிக் கலவை அமைத்தால் ஒரு உத்தரவில் கலவை மாறும். சீனாவில் 2021ல் நடந்ததும் அதுதான், அரசு ஏலம் விடும் வரை அரிசி, பிறகு மறுபடி மக்காச்சோளம். தின்னும் அரிசியைத் தொடாமல் குருணை, தவிடு, வைக்கோல் இந்த மூன்றையும் ஒழுங்காகப் பயன்படுத்தினாலே போதும். அதிலும் வைக்கோலைத்தான் நாம் பெரும்பாலும் வீணாக்குகிறோம்.

அசையூண் எழுதியது:

வைக்கோலில் புரதம் 3 முதல் 4 சதவீதம்தான். யூரியா ஊட்டினால் இரட்டிப்பாகும். 100 கிலோ உலர்ந்த வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 50 முதல் 60 லிட்டர் தண்ணீர். பரப்பி, தெளித்து, மிதித்து, அடுத்த அடுக்கு. காற்றுப் புகாமல் தார்ப்பாயால் மூடி 21 நாள். திறந்ததும் கண்ணெரியும் வாடை போக ஒரு மணி நேரம் காற்றாட விட்டுக் கொடுங்கள். யூரியா கரைசல் வாளியை மாடு குடிக்கும்படி வைக்காதீர்கள், அது விஷம். ஆறு மாதத்துக்குக் கீழான கன்றுக்கு இந்த வைக்கோல் வேண்டாம். வைக்கோலில் உள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும், அதனால் தாது உப்பை நிறுத்தக் கூடாது.

புதியபட்டி எழுதியது:

கடைசியாக ஒன்று. அறுவடை முடிந்த வயலில் ஆடு மேய்ந்து உதிர்ந்த நெல் தின்கிறது. அதற்கும் இந்த அமிலநோய் வருமா?

அசையூண் எழுதியது:

வரும். அதைவிட முன்னால் வருவது துள்ளுமாரி என்ற குடல்நஞ்சு நோய். மாவுச்சத்து குடலுக்கு நிறையப் போனால் அங்கே இருக்கும் கிளாஸ்டிரிடியம் என்ற நுண்ணுயிர் நஞ்சு சுரக்கும். கொழுத்த ஆடுதான் முதலில் சாகும், காலையில் பட்டியைத் திறந்தால் செத்துக் கிடக்கும். அறுவடைக்கு மூன்று நான்கு வாரம் முன்பே தடுப்பூசி போட்டுவிடுங்கள். முதல்முறை போடும் ஆட்டுக்கு இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொரு ஊசியும் வேண்டும், அதனால் அவற்றுக்கு இன்னும் முன்னதாகத் தொடங்குங்கள். முதல் வாரம் தழையோ வைக்கோலோ தின்ன வைத்தபின் ஒரு மணி நேரம் மட்டும் வயலில் விடுங்கள், தினமும் கொஞ்சம் கூட்டுங்கள். களத்தில் நெல் குவித்திருக்கும் பக்கம் பட்டி போடாதீர்கள்.

புதியபட்டி எழுதியது:

தடுப்பூசி இந்த வாரமே போட்டுவிடுகிறேன் டாக்டர். அறுவடைக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது.

அசையூண் எழுதியது:

முதல்முறை என்றால் இரண்டாவது ஊசி அறுவடைக்கு இரண்டு வாரம் முன்பே விழுந்துவிடும், சரியாக இருக்கும். குடற்புழு மருந்து கொடுத்து நாளாகிவிட்டது என்றால் ஊசிக்கு ஒரு வாரம் முன்பு அதையும் கொடுத்துவிட வேண்டும். அதற்கு நேரமில்லை என்றால் ஊசியைத் தள்ளிப் போடாதீர்கள். சினை முற்றிய ஆடுகளைப் பிடிக்கும்போது பதமாகப் பிடியுங்கள்.